குடிக்குப் பின்னால் உள்ள காயம்

குடிப்பவரைக் கண்டால் ஊர் என்ன சொல்லும்? "புத்தி கெட்டவன்" என்று சொல்லும். "வைராக்கியம் இல்லாதவன்" என்று சொல்லும். "மனசு வைத்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம்" என்று சொல்லும்.

இப்படிச் சொல்வது எளிது. ஆனால், இந்தச் சொல்லைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் மிகச் சிலரே.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இவருக்கு என்ன நேர்ந்தது?" என்பதே அந்தக் கேள்வி.

காரைக்கால் கடற்கரையில் உள்ள மண்டபத்தூர் போன்ற ஊர்களை நினைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வியின் பொருள் விளங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மண்டபத்தூர் ஒரு மீனவர் ஊர். தரங்கம்பாடிக்குத் தெற்கே, புதுவை ஆட்சியைச் சேர்ந்த காரைக்கால் பகுதியில் இருக்கிறது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை 6½ மணி அளவில், சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. சில மணி நேரத்தில் ஆழிப்பேரலை சோழமண்டலக் கரையில் வந்து மோதியது. காரைக்கால் கரையில் அலை புகுந்த ஊர்களில் மண்டபத்தூரும் ஒன்று.

பக்கத்து நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். புதுவை ஆட்சிப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

கையில் பிடித்திருந்த பிள்ளையை அலை பறித்துக்கொண்டு போனதைக் கண்ட தகப்பன்மார் அந்தக் கரையில் உண்டு. தாயைத் தேடி மணலைத் தோண்டிய மகன்மாரும் உண்டு.

பிறகு உதவிகள் வந்தன. அரிசி வந்தது. துணி வந்தது. புதுப் படகு வந்தது. வீடுகள் எழும்பின. ஆனால் பலருக்கு ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. அதுதான் இரவுத் தூக்கம்.

கண்ணை மூடினால் அலை வந்தது. அந்த அலையை மறக்கச் சிலர் குடித்தார்கள். முன்பு எப்போதாவது குடித்தவர்கள் தினமும் குடித்தார்கள். நிவாரண முகாம்களில் ஆண்களிடையே குடி கூடியதை, அங்கே வேலை செய்த டாக்டர்களும் தொண்டர்களும் அப்போதே கண்டார்கள்.

காவல் நாய் குரைக்கிறது

பெரிய அதிர்ச்சி மனிதனை என்ன செய்கிறது?

ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு காவல் நாய் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆபத்து வந்தால் அது குரைக்கும். உடனே நெஞ்சு படபடக்கும். கை கால் இறுகும். ஓடவும் எதிர்க்கவும் உடம்பு தயாராகும். ஆபத்து போனதும் நாய் படுத்துக்கொள்ளும்.

ஆனால் தாங்க முடியாத அதிர்ச்சியைப் பார்த்துவிட்ட நாய் சில பேரிடம் மறுபடி படுப்பது இல்லை. இலை அசைந்தாலும் குரைக்கிறது. நள்ளிரவிலும் குரைக்கிறது. திருடன் போய் ஆண்டுகள் ஆனாலும், திருடன் வாசலில் நிற்பதாகவே நினைக்கிறது.

இது கோழைத்தனம் அல்ல, பைத்தியமும் அல்ல. உடம்புக்கும் மனதுக்கும் வரும் ஒரு நோய். போரில் இருந்து திரும்பிய சிப்பாய்களிடம் டாக்டர்கள் இதை நெடுங்காலமாகக் கண்டார்கள். 1980-ம் ஆண்டில் அமெரிக்க மனநல டாக்டர்கள் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டு பெயர் கொடுத்தார்கள்.

மது அந்த நாயை ஒரு ராத்திரி தூங்க வைக்கிறது. அதனால்தான் அது மருந்து போலத் தோன்றுகிறது. ஆனால் போதை இறங்கியதும் நாய் முன்னிலும் உரக்கக் குரைக்கிறது. குடித்தவுடன் தூக்கம் வருவது உண்மை. பின்னிரவில் அந்தத் தூக்கம் கலைந்துபோவதும் உண்மை. கெட்ட கனவு வருகிறது. விடியும்போது கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை அடக்க மறுபடியும் குடி தேவைப்படுகிறது.

முதலில் துக்கத்தை மறக்கக் குடித்தவர், பிறகு குடியால் வந்த நடுக்கத்தை மறக்கக் குடிக்கிறார். இப்படித்தான் கயிறு இறுகுகிறது.

17 ஆயிரம் பேர் சொன்ன கதை

காயம் பேரலையால்தான் வரவேண்டும் என்பது இல்லை. வீட்டுக்கு உள்ளேயும் வரும்.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரில், 1995 முதல் 1997 வரை 17 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். "சிறு வயதில் உங்களை யாராவது அடித்துத் துன்புறுத்தினார்களா? தாய் அடிபடுவதைப் பார்த்தீர்களா? வீட்டில் குடிப்பவர் இருந்தாரா?" என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள்.

முதல் முடிவு 1998-ல் வெளிவந்தது. இப்படிப்பட்ட துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்கள் ஒருபுறம். ஒன்றுமே அனுபவிக்காதவர்கள் மறுபுறம். குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய ஆபத்துகள் முதல் வகையினருக்கு 4 மடங்கு முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தன.

இதில் தாய் தந்தையர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தகப்பன் குடித்துவிட்டுத் தாயை அடிக்கிறான். மூலையில் நின்று குழந்தை பார்க்கிறது. அந்தக் குழந்தைக்கு அதுவே ஓர் ஆழிப்பேரலை. 2004-ல் 8 வயதாக இருந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். காயத்தை ஆற்றாமல் விட்டால், அது சொத்தைப் போலத் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கும்.

துக்கம் உரிமைச் சீட்டு அல்ல

இங்கே ஒரு தவறான எண்ணம் வந்துவிடக் கூடாது.

துக்கப்பட்டவர் எல்லாரும் குடிகாரர் ஆகிவிடவில்லை. குடிக்கிறவர் எல்லாரும் துக்கப்பட்டவரும் அல்லர். பிள்ளையை அலை கொண்டுபோனபோது தகப்பன் மட்டும் இழக்கவில்லை; தாயும் இழந்தாள். அவள் அழுதாள், பிறகு எழுந்து மீன் கூடையைத் தலையில் வைத்தாள். மாலையில் வீடு திரும்பினால், குடித்துவிட்டு வந்த புருஷனையும் அவளே சமாளிக்க வேண்டியிருந்தது. அவள் மனக்காயத்தை யாரும் கேட்கவில்லை.

ஆகவே, துக்கம் குடிக்குக் காரணம் ஆகலாம். மனைவியை அடிப்பதற்கு உரிமை ஆகாது. காயத்தைக் கேட்பது, குற்றத்தை மன்னித்துவிடுவதற்காக அல்ல. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்தியம் செய்வதற்காக.

கடலை விட்டு எங்கே போவது?

இடம் மாறினால் போதை விடும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஹெராயின் பழக்கத்துக்கு ஆளானார்கள். 1971-ல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் தொடர்ந்து விசாரித்தார். போர்க்களத்தில் 5 பேரில் ஒருவர் அடிமையாகி இருந்தார். ஆனால் ஊருக்கு வந்த முதல் ஆண்டில், அப்படி அடிமையானவர்களில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். பயமும் போதைச் சரக்கும் தோழர் கூட்டமும் பின்னால் நின்றுவிட்டன. மீட்சி எளிதாயிற்று.

மண்டபத்தூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. காயம் கொடுத்த கடலில்தான் அவருக்குப் பிழைப்பு. தினமும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் புயல் அறிவிப்பு வருகிறது. ஒவ்வொரு டிசம்பர் 26-ந் தேதியும் நினைவுநாள் வருகிறது. போதாக்குறைக்கு, காரைக்கால் பகுதியில் மது தாராளமாகக் கிடைக்கும். அங்கே விலை மலிவு என்று வெளியூரில் இருந்தும் ஆட்கள் தேடி வருவது நெடுநாளைய வழக்கம்.

அவரால் ஊரை விட்டுப் போக முடியாது. ஆகவே, வைத்தியம் ஊருக்கு வரவேண்டும்.

மஞ்சக்குடி காட்டிய வழி

வைத்தியம் ஊருக்கு வர முடியுமா? முடியும். காரைக்காலுக்குத் தொலைவில் இல்லாத திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி அதற்குச் சாட்சி.

சென்னையைச் சேர்ந்தவர் சாந்தி ரங்கநாதன். அவருடைய கணவர் டி.டி.ரங்கநாதன், குடியினால் இளம் வயதிலேயே காலமானார். அந்தத் துக்கத்தோடு அம்மையார் வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. 1980-ல் கணவர் பெயரால் போதை மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிராமத்து ஏழை எப்படி வருவான்? கூலி போகும், பஸ் செலவு ஆகும், மானமும் போகும் என்று பயப்படுவான். இதை அறிந்த அந்த நிலையம், 1989-ல் மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. 15 நாள் முகாம். டாக்டரும் ஆலோசகரும் ஊருக்கே வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் துணை நின்றார்கள். மனைவிக்கும் தனியே ஆலோசனை கிடைத்தது. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து விசாரிக்க ஏற்பாடு இருந்தது.

மண்டபத்தூரிலும் மற்ற கடலோர ஊர்களிலும் இப்படி முகாம் நடத்த, இயற்கையாகவே ஒரு காலம் அமைந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை, 61 நாள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கைக்கு வேலை இல்லை. மனம் அலையும் காலம் அது. குடிக்கு வசதியான காலமும் அதுவே. அதையே மீட்சிக்கு உரிய காலமாக மாற்றலாம்.

புதுவை அரசாங்கம் இதைச் செய்ய வேண்டும். மது விற்பனையால் வரும் வரியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும். முகாமில் குடிக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு அனுப்பக் கூடாது. மனக்காயத்துக்கும் அதே இடத்தில், அதே காலத்தில் வைத்தியம் வேண்டும். "முதலில் குடியை விட்டுவிட்டு வா, பிறகு துக்கத்தைப் பார்க்கலாம்" என்றால், துக்கம் அவரை மறுபடியும் கடைக்கே அனுப்பிவிடும். ஊர்ப் பஞ்சாயத்தாரும் ஒன்றைச் செய்யலாம். முகாமுக்குப் போய் வந்தவரைக் கேலி செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

முகாம் வரும்வரை குடும்பத்தார் காத்திருக்கத் தேவை இல்லை.

பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டக் கூடாது. இரண்டு, மூன்று நாளில் வலிப்பு வரலாம். நினைவு தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். டாக்டரிடம் அழைத்துப் போய், மருந்தோடு நிறுத்த வேண்டும்.

குடியை மறக்க வைக்கும் மருந்து என்று எதையும் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கக் கூடாது. சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் உயிரைப் பறிக்கும்.

பழைய துக்கத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்கக் கூடாது. அவராகச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அதுவே பாதி மருந்து.

விட்டவர் ஒரு நாள் மறுபடி குடித்துவிடலாம். "எல்லாம் போயிற்று" என்று கைவிடக் கூடாது. படகு கரை சேரும்முன் ஓர் அலை பின்னால் தள்ளினால், துடுப்பை யாரும் கடலில் எறிந்துவிடுவது இல்லை.

போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை சொல்ல 14446 என்ற இலவசத் தொலைபேசி எண் உண்டு. மனத்துயருக்கு 14416 என்ற எண் உண்டு. தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பது இல்லை. மனைவி பேசலாம், மகன் பேசலாம், தாயும் பேசலாம்.

அலை வந்தபோது, கரையில் நின்றவரின் சாதியையும் குணத்தையும் யாரும் விசாரிக்கவில்லை. கிடைத்த கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்படித்தான் பல உயிர்கள் பிழைத்தன. குடியில் மூழ்குகிறவருக்கும் முதலில் வேண்டியது ஒரு கைதான்.