எந்தக் காமிரா வாங்கலாம்?

காமிரா வாங்க விரும்பும் நேயர்கள் எல்லோரும் கேட்பது, "எது உசத்தி?" என்பதுதான். எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்கு விடை கூற இயலாது. குழந்தையின் சிரிப்புக்கும் வேலூர்க் கோட்டை அகழிக்கும் கையிலுள்ள செல்பேசியே போதும். வெயில் தாராளமாக இருந்தால் எல்லாக் காமிராவும் நல்ல காமிராதான்.

ஆனால் ராணிப்பேட்டை தொடங்கி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றை ஒட்டிய தோல் சீமையில் இது பொழுதுபோக்கு விஷயம் மட்டுமன்று. நாலு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஜோடு தைப்பவரும் இன்று செல்பேசி வழியே வெளியூருக்குச் சரக்கு விற்கலாம். வாங்குகிறவர் தோலைத் தடவிப் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதுமில்லை. படத்தை நம்பியே பணம் அனுப்புகிறார். பழுப்பு என்று எண்ணி வாங்கியது சிவப்பாக வந்து சேர்ந்தால் சரக்கு திரும்பிவிடும். இரு வழிக் கூலியும் தொழிலாளியின் தலையில்தான் விடியும்.

செல்பேசி இங்கேதான் காலை வாருகிறது. அதன் லென்ஸ் அகன்ற பார்வையுடையது. ஜோடு பெரிதாகத் தெரிய வேண்டுமென்று கிட்டே கொண்டுபோனால் முனை யானைத் தலையாக வீங்கும், குதிகால் சுண்டிப்போகும். நாலைந்து அடி எட்டி நின்று, இரு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். மற்றொரு குறை எளிதில் நீங்காது. செல்பேசி தானாகவே படத்தை அழகுபடுத்தும். முகத்துப் பருவை மறைக்கும் அதே தந்திரம், ஆட்டுத் தோலின் நுண்ணிய வரிகளையும் வழித்துவிடுகிறது. அசல் தோல் ரெக்ஸினைப் போல் காட்சியளிக்கிறது! தோல் வியாபாரிக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்?

இந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் ஒளியை வாங்கும் சென்ஸாரின் அளவு. சாமான்ய செல்பேசியில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர். பெரிய காமிராவில் 36-க்கு 24. அதாவது, பரப்பில் சுமார் 29 மடங்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட, 24-க்கு 16 மில்லிமீட்டர் அளவுள்ள சென்ஸாரே நம் காரியத்துக்குத் தாராளம்.

பெரிய காமிராக்களில் இரு ஜாதிகள் உண்டு. ஒன்றில் லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளேயுள்ள கண்ணாடி கண்ணுக்குத் திருப்பிக் காட்டும். விசையை அமுக்கியதும் கண்ணாடி எழுந்து வழி விடும். மற்றதில் கண்ணாடி கிடையாது. சிறு திரையில் படத்தின் வெளிச்சமும் நிறமும் முன்கூட்டியே தெரியும். சென்ஸார் ஒன்றானால் படத்தின் தரத்தில் பெரிய பேதம் இல்லை. 2020-க்குப் பிறகு கானனும் நிக்கானும் கண்ணாடிக் காமிராவில் புதியது வெளியிடவில்லை. நவநாகரிகர்கள் கழித்துக் கட்டிய அந்தக் காமிராவையே, 50 மில்லிமீட்டர் லென்ஸுடன், கை மாற்றில் வாங்கும்படி நான் சொல்வேன்.

சுதேசிக் காமிரா கிடைக்காதா என்று கேட்கும் நேயர்களும் இருப்பார்கள். உதகமண்டலத்தில் 1967 முதல் பிலிம் உற்பத்தி செய்த நமது அரசாங்கத் தொழிற்சாலையே இன்று இயங்கவில்லை. அக்காலத்து மடிப்புக் காமிராக்களின் துருத்திக்குத் தோல் தேவைப்பட்டது. இன்றைய காமிராவுக்கு அதுவும் வேண்டியதில்லை.

நிற்க. எந்தக் காமிராவானாலும் குழல் விளக்கையும் பகல் வெளிச்சத்தையும் கலந்துவிடாதீர்கள். நிறம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். விளக்கை அணைத்து, ஜன்னலில் வெள்ளை வேஷ்டியைத் தொங்கவிட்டால் பளபளப்பான தோலின் கூசும் ஒளி தணியும். முதல் படத்தில் ஜோட்டருகே ஒரு வெள்ளைக் காகிதத்தையும் வைத்து எடுங்கள். காகிதம் மஞ்சளாகத் தோன்றினால் தோலின் நிறமும் பொய்தான். அதைச் சரிசெய்த பிறகு மற்றப் படங்களை எடுக்கலாம்.

கை மாற்றில் வாங்குவோர் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சை படர்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் காமிராவைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைப்பது நலம். ஜோட்டுப் பெட்டிக்குள் போடுகிற பொட்டலம்தான் அது. ஆம்பூர்க்காரர்கள் அதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை.