ஓட்டு சமம், பங்கு எங்கே?
சிறு கால்பந்துச் சம்மேளனங்களுக்காக ஒரு கொள்கைப் பிரகடனம்

ஃபிஃபாவில் 211 உறுப்புச் சம்மேளனங்கள். மாநாட்டில் ஜெர்மனிக்கும் ஒரு ஓட்டு, பூட்டானுக்கும் ஒரு ஓட்டு. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அந்தச் சமத்துவம் முடிந்துவிடுகிறது. விளையாடி ஓய்ந்தவர்கள், விசில் ஊதியவர்கள், ஊர்க் கிளப்பில் கணக்கெழுதியவர்கள், டிக்கெட் வாங்கி வெயிலில் நின்று பார்த்தவர்கள் ஆகிய நாங்கள், அந்த இடத்திலிருந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

கணக்கை முதலில் வைத்துவிடுகிறோம். 2019 முதல் 2022 வரை நான்காண்டில் ஃபிஃபாவின் வருவாய் ஏறத்தாழ 757 கோடி டாலர். அந்தக் காலத்தில் சம்மேளனங்களுக்கு மானியம் தரும் அதன் 'ஃபார்வர்டு' திட்டத்தில் ஒரு சம்மேளனம் பெறக்கூடிய உச்சத் தொகை 60 லட்சம் டாலர். 2022 கத்தார் உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு மூட்டை கட்டிய அணிக்குக் கிடைத்தது 90 லட்சம். கோப்பை வென்ற அர்ஜென்டினாவுக்கு 4 கோடியே 20 லட்சம். அதாவது இரண்டு வாரத்தில் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றவருக்குக் கிடைப்பது, நான்கு வருடம் மைதானம் பராமரித்து, நடுவர்களைத் தயார்செய்து, பெண்கள் அணியும் சிறுவர் அணியும் நடத்துகிற சம்மேளனத்துக்குக் கிடைப்பதைவிட அதிகம். 2023–26 சுற்றில் அந்த உச்சம் 80 லட்சம் ஆனது. மிக வறிய சம்மேளனங்களுக்குப் பயணத்துக்கும் சீருடைக்கும் 12 லட்சம் வரை கூடுதலாக உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த 80 லட்சம் இங்கிலாந்துக்கும் உண்டே! ஆண்டு வரவு 40 கோடி பவுண்டைத் தாண்டும் ஒரு சங்கத்துக்கு அது டீச்செலவு. பூட்டானுக்கு அதுதான் அடுப்பு எரியும் வழி. இருவருக்கும் ஒரே அளவு ஊற்றிவிட்டு நியாயம் என்கிறார்கள்.

யார் பெரியவர், யார் சிறியவர் என்பதைப் பரப்பளவை வைத்தோ தலைக்கணக்கை வைத்தோ சொல்ல முடியாது. 2015 மார்ச்சில், உலகத் தரவரிசையின் கடைசிப் படியில் இருந்த பூட்டான் கொழும்புக்கு வந்து இலங்கையை 1-0 என்று வென்றது. திம்புவில் நடந்த மறு ஆட்டத்தில் 2-1. அந்த வாரம் கொழும்பு ரசிகர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் தோஹாவில் பூட்டானுக்கு எதிராகக் கத்தார் 15 கோல் போட்டது. கத்தார், பூட்டானில் மூன்றில் ஒரு பங்கு பரப்பளவுகூட இல்லாத நாடு. அங்கே இருந்தது பயிற்சிக்கூடமும் பணமும். 140 கோடிப் பேர் வாழும் இந்தியா ஒருமுறைகூட உலகக் கோப்பையில் ஆடியதில்லை. இந்தக் கணக்கில் அதுவும் சிறு சம்மேளனம்தான்.

"குராசோ வரவில்லையா?" என்று கேட்பார்கள். வந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் அந்தத் தீவு 2025 நவம்பரில் கிங்ஸ்டனில் ஜமைக்காவோடு கோலின்றிச் சமன் செய்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. எழுந்து நின்று கைதட்டினோம். ஆனால் அந்த அணியில் அநேகமாக எல்லோரும் நெதர்லாந்தில் பிறந்து, அங்கத்திய கிளப்புகளில் வளர்ந்தவர்கள். பணக்கார நாட்டின் பயிற்சிக்கூடத்தில் உறவுக்காரர்கள் இல்லாத தீவுகள் என்ன செய்யும்?

பணமில்லாத சம்மேளனம் எங்கெங்கே உதைபடுகிறது என்று பாருங்கள். 2015-இல் ஜிம்பாப்வே, 2018 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்தே நீக்கப்பட்டது. காரணம், முன்னாள் பயிற்சியாளர் ஒருவருக்குச் சம்மேளனம் வைத்திருந்த சம்பளப் பாக்கி. பயிற்சியாளர் உழைத்தார், கூலி கேட்டார்; அதில் ஒரு குற்றமும் இல்லை. பாக்கி வைத்தது நிர்வாகம். ஆட்டத்தை இழந்ததோ, அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத பையன்கள். மானியத்தில் பிடித்து நேராக அவர் கையில் கொடுத்திருந்தால் ஒரே கடிதத்தில் முடிந்திருக்கும் விஷயம் இது.

ஆப்பிரிக்காவில், அங்கீகாரம் பெற்ற மைதானம் இல்லாத நாடுகள் தங்கள் 'சொந்த மண்' ஆட்டத்தை வேற்று மண்ணில் ஆடுகின்றன. மொராக்கோ வரை போய் ஆடியது ஜிபூட்டி. விமான டிக்கெட், ஓட்டல், மைதான வாடகை எல்லாம் கைச்செலவு. வாசல் வசூல் பூஜ்யம். ஊர்க்காரன் தன் அணியைக் கைபேசியில் பார்க்கிறான்.

ஐரோப்பா 2018-இல் தன் அணிகளுக்குள்ளேயே ஆடும் நேஷன்ஸ் லீக்கைத் தொடங்கியதும் அந்த அணிகளின் நட்பு ஆட்டத் தேதிகள் அநேகமாகத் தீர்ந்துபோயின. வலுவான அணியோடு ஆடாமல் தரவரிசை ஏறாது, தரவரிசை ஏறாமல் வலுவான அணி ஆட வராது. 2024 மார்ச்சில் ஃபிஃபாவே கொழும்பு உள்ளிட்ட நகரங்களில் வெவ்வேறு கண்டத்து அணிகளை மோதவிட்டது. நல்ல காரியம், தொடரட்டும்.

இனி எங்கள் பக்கத்து அழுக்கு. 2011-இல், ஃபிஃபா தலைவர் தேர்தலுக்குச் சற்று முன், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கரீபியச் சம்மேளன நிர்வாகிகளுக்கு ஆளுக்கு 40,000 டாலர் கவரில் வைத்து நீட்டப்பட்டது. தேர்தல் நேரத்துக் கவரைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கவர் போய்விட்டது, வழக்கம் போகவில்லை: 2016 ஃபிஃபா தலைவர் தேர்தலில் ஒவ்வொரு உறுப்புக்கும் மானியத்தைக் கூட்டுவேன் என்ற வாக்குறுதியோடு களமிறங்கிய இன்ஃபான்டினோ வென்றார், 2019-இலும் 2023-இலும் எதிர்த்து நிற்க ஆளில்லை. மானியம் தலைவர் தயவாக வரும்வரை சிறு சம்மேளனத்தின் ஓட்டு அதன் கையில் இருக்காது. கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் எங்கள் தலைவர்களையும் நாங்கள் விடப்போவதில்லை.

ஆகவே கோருகிறோம். வளமான சம்மேளனங்கள் ஃபார்வர்டு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். உலகக் கோப்பைப் பரிசுத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, தகுதி பெறாத சம்மேளனங்களுக்குப் போக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை வருமானம், பயண தூரம், பெண்கள் கால்பந்துக்கான செலவு ஆகியவற்றை வைத்து எழுதப்பட்ட சூத்திரம் தீர்மானிக்கட்டும். மேடையில் நின்று அறிவிக்க எவருக்கும் உரிமை வேண்டாம். தேர்தல் ஆண்டில் புதிய மானிய அறிவிப்பே கூடாது. நிர்வாகத்தின் கடனுக்கு அணியை விலக்கும் தண்டனை ஒழிய வேண்டும். வாங்கிய ஒவ்வொரு டாலருக்கும் உள்நாட்டு மொழியில் கணக்கு வெளியாக வேண்டும். வெளியிடாத சம்மேளனத்துக்கு அடுத்த தவணை கிடையாது.

நடக்கிற காரியமா என்பவர்களுக்கு 1966-ஐ நினைவூட்டுகிறோம். அந்த உலகக் கோப்பையின் 16 இடங்களில் ஐரோப்பாவுக்குப் பத்து. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஆப்பிரிக்க நாடுகள், கானா முன்னே நிற்க, மொத்தமாக விலகின. 1970-இல் ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் வந்தது, மொராக்கோ மெக்சிகோவுக்குப் போனது. கேட்டவர்கள் யாரும் பணக்காரர்கள் இல்லை.

இந்த இயக்கத்தில் யாரும் சேரலாம். சம்மேளனப் பதவியில் இருப்பவர்கள் மட்டும் பதவியை விட்டுவிட்டு வரவேண்டும். நன்கொடை கொடுப்பவர் பெயரும் தொகையும் மறுமாதமே வெளியாகும்.

முதல் வேலை ஒரு கடிதம். அடுத்த ஃபிஃபா தலைவர் தேர்தலுக்கு முன், நாங்கள் வாழும் நாடுகளின் சம்மேளனங்கள் ஒவ்வொன்றுக்கும் பதிவுத் தபாலில் போகும். 2016 முதல் ஃபார்வர்டில் வந்தது எவ்வளவு, எந்த மைதானத்தில் எவ்வளவு போட்டீர்கள், நடுவர்களுக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு ஓட்டுப் போடப்போகிறீர்கள், ஏன்? வரும் பதில்களை அப்படியே அச்சிடுவோம். பதில் போடாத சம்மேளனங்களின் பெயரும் அதே பக்கத்தில் வரும்.