ரம்புட்டான்: பெயரும் பலனும்

மலாய் மொழியில் "ரம்புட்" என்பது மயிரைக் குறிக்கும். அதனோடு "ஆன்" என்னும் விகுதி சேர்ந்து, மயிருடையது என்னும் பொருளில் ரம்புட்டான் என்னும் பெயர் உண்டாயிற்று. முள் என்று பொருள்படும் "டூரி" என்னும் சொல்லினின்று டூரியான் பிறந்ததும் இம்முறையிலேதான். ஆகையால் ரம்புட்டானை முட்பழமென்று கொள்வது பொருந்தாது. அதன் தோலின்மீதுள்ளவை குத்தும் முட்களல்ல. வளைந்து கொடுக்கும் மெல்லிய இழைகளே. அன்னாசியும் பப்பாளியும் அயல்நாட்டுப் பெயருடனே வந்து தமிழில் நிலைத்துவிட்டன. அவ்வாறே ரம்புட்டானும் நிலைக்கட்டும். இதற்கெனப் புதுப்பெயர் தேடி அலைய வேண்டுவதில்லை.

ஆயினும் இப்பெயர் தோலை மட்டுமே சொல்லுகிறது. மரம் காய்க்குமா, சதை இனிக்குமா, கொட்டையை விட்டு எளிதிற் கழலுமா என்பவற்றை அது சொல்வதில்லை. ரம்புட்டான் என்பது ஊரின் பெயர் போன்றது. வகையின் பெயரே சர்வே நம்பர் போன்றது. ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு எவரும் நிலம் வாங்குவதில்லை. அங்ஙனமிருக்க, ரம்புட்டான் கன்று என்ற சொல்லை மட்டும் நம்பிக் கன்று வாங்குவது எவ்வாறு தகும்?

இப்பழம் பூவந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. லிச்சிக்கு நெருங்கிய உறவு. விதையிலிருந்து எழும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதியளவு ஆண் மரங்களாகப் போவதுண்டு. அவை பூக்குமேயன்றிக் காய்க்கமாட்டா. இந்த வேறுபாடு மரம் பூக்கும்வரை புலப்படாது. விதைக்கன்று பூத்துக் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். முப்பதடி இடைவெளியில் ஏக்கருக்கு 48 மரங்கள் நட்ட குடியானவர், ஏழாண்டுகள் நீரும் எருவும் கூலியும் செலவிட்ட பின்னர், அவற்றில் 24 மரங்கள் பயனற்றவை என்று காண்பாராயின் அந்நஷ்டத்தை யார் ஈடுசெய்வர்? பணத்தைத் திரும்பத் தேடலாம். கழிந்த ஆண்டுகளைத் தேடமுடியாது.

விதைமரத்திலும் சிறந்த கனி கிடைக்குமன்றோ என்று சிலர் கேட்கலாம். கிடைக்கும். சயாம் நாட்டுச் சூரத்தானி மாகாணத்தில், நாசான் என்னுமிடத்தில் விதையிலிருந்து வளர்ந்த ஒரு மரம் பின்னர்ப் பள்ளிக்கூட வளவில் அமைந்தது. அதன் கனியின் சிறப்பால் "ரோங்ரியன்", அதாவது பள்ளிக்கூடம், என்னும் பெயர் அவ்வகைக்கு வாய்த்தது. மலேசியாவில் அதுவே ஆர் 191 என்னும் எண்ணோடு "அனாக் செக்கோலா", பள்ளிப்பிள்ளை, என வழங்குகிறது. ஆனால் அந்நற்குணம் பரவியது அம்மரத்தின் விதையாலன்று; அதன் கிளையைக் கொண்டு கன்று பெருக்கியதனாலேயே. ஒரு மரத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தை நம்பித் தோட்டம் முழுவதையும் பந்தயம் வைத்தல் விவேகமாகாது.

தாய்மரத்தின் குணம் ஒட்டுக்கன்றில் மாறாது. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கவும் தொடங்கும். கேரளத்தில் என் 18 என்னும் வகை நன்கு பரவியுள்ளது. குடகிலுள்ள செட்டள்ளித் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சிவப்புக் கனி தரும் அர்கா கூர்க் அருண், மஞ்சட் கனி தரும் அர்கா கூர்க் பீதாப் ஆகியவற்றை வெளியிட்டிருக்கிறது. கன்று வாங்குவோர் வகைப் பெயரையும், கண் எடுத்த தாய்மரத்தையும், ஒட்டுச் சேர்ந்த தழும்பையும் கேட்டும் கண்டும் வாங்குதல் வேண்டும்.

எல்லா நிலத்துக்கும் ஏற்ற மரமன்று இது. வெப்பமும் ஈரமும் நிறைந்து, மழை ஆண்டு முழுதும் பரவிப் பெய்யும் மலையடிவாரங்களே இதற்கு உகந்தவை. வறண்ட காற்று வீசும் சமவெளியில் நட்டு வருந்துவதிற் பயனில்லை. பறித்த பின்னர் இக்கனி பழுப்பதில்லை. சில நாட்களில் அதன் இழைகள் கருகி வாடிவிடும். ஆதலின் நன்கு நிறமேறிய கனியையே கொத்தோடு பறித்து விரைவிற் சந்தைக்கு அனுப்பவேண்டும்.

விதைமரங்களை முன்னரே வளர்த்திருப்போரும் மனந்தளர வேண்டுவதில்லை. காய்க்காத மரத்தைக் குறைத்து வெட்டி, புதிதாய்த் துளிர்க்கும் கிளைகளில் நல்ல வகையின் கண்ணை வைத்து ஒட்டி அதனைத் திருத்தலாம். நிலத்தின் சர்வே நம்பரில் கவனம் செலுத்தும் கிராம அதிகாரிகள், கன்று வாங்கும் குடியானவரிடமும் அதே எச்சரிக்கையை வற்புறுத்துவது அவர்தம் கடமையாகும்.