புகைப்படத்தின் மேல் தூரிகை: எங்கள் நிலைப்பாடு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளின் வரவேற்பறைகளுக்குப் பெரிய படங்கள் கேட்டு வருகிறார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரம், செம்பரம்பாக்கம் ஏரி, ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிலாளர்கள். கேமராவில் எடுத்து, கணினியில் வண்ணம் தீட்டி, கேன்வாஸிலோ பருத்திக் காகிதத்திலோ அச்சிட்டவை இவை. இவற்றை ஓவியம் என்று விற்கலாமா? இவ்வட்டார ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் அச்சிடுவோரும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் பதில் இது.

கலப்பில் தவறில்லை. போட்டோவைத் தொட்டால் ஓவியம் கெட்டுவிடும் என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. பூஜையறைக் காலண்டர்களின் தெய்வ முகங்களை வரைந்த கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். கோவில்பட்டியில் அவருடைய வட்டத்தினர் ஓவியத்தோடு போட்டோ ஸ்டூடியோ தொழிலும் செய்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கன்னச் சிவப்பும் பட்டுக்கரையும் கையால் ஏற்றுவது அன்றைய ஸ்டூடியோக்களில் அன்றாட வேலை. இன்று உதய்ப்பூரில் வாஸ்வோ எக்ஸ். வாஸ்வோ எடுக்கும் படங்களின் டிஜிட்டல் பிரதிகள்மீது ராஜேஷ் சோனி கையால் வண்ணமிடுகிறார். இருவர் பெயரும் சொல்லப்படுகிறது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நாங்கள் எதிர்ப்பது, கேன்வாஸ் அச்சின்மேல் நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டு 'கையால் வரைந்த ஒரிஜினல்' என்று விலை வைப்பதை. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஜெல்லின் மேடு ஒரு திசையில் ஓடும், அச்சான தூரிகைக் கோடு வேறு திசையில் கிடக்கும். லென்ஸ் வைத்தால் மையின் நுண்புள்ளிகள் தெரிந்துவிடும். வாங்குபவர் ஏமாறுகிறார், நிஜமாகவே கையால் வண்ணமிட்டவரின் கூலியும் அடிபடுகிறது.

ஆகவே எங்கள் உறுப்பினர் விற்கும் ஒவ்வொரு பிரதியின் பின்புறமும் படம் எடுத்தவர் பெயர், வண்ணமிட்டவர் பெயர், அச்சுக்குப் பின் கை பட்ட இடம், மொத்தப் பிரதிகள், மை, காகிதம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். 25 என்று எழுதினால் 26ஆவது கிடையாது. அளவை மாற்றி அடித்தாலும் அதே கணக்குத்தான். அடையாளம் தெரியும் தொழிலாளியின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வண்ணம் பூசிவிட்டதால் அது அவர் முகம் இல்லை என்றாகிவிடாது. சாய மையில் அடித்ததை மேற்கு வெயில் விழும் கண்ணாடிச் சுவரருகே மாட்டச் சொல்லி விற்கவும் கூடாது. நிறமி மைதான் தாங்கும், அதுவும் ஓரளவுக்கு.

தொழிற்சாலை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். உதிரிபாகம் ஒவ்வொன்றுக்கும் பேட்ச் எண் கேட்கும் உங்கள் கொள்முதல் பிரிவு, சுவரில் மாட்டும் படத்துக்கும் இந்த விவரங்களைக் கேட்கட்டும். விவரம் இல்லாத பிரதியைத் திருப்பி அனுப்பட்டும்.