பூணூலும் எட்டு மணி நேரமும்

எக்ஸாம் சீசன்ல மணக்குள விநாயகர் கோயில் பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? அரியர் கிளியர் ஆகத் தேங்காய், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அர்ச்சனை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கிற இருதய ஆண்டவர் பசிலிக்காவில் மெழுகுவத்தி. சாமி நமக்கு என்ன செய்யணும்னு நம்மகிட்ட பக்காவா லிஸ்ட் ரெடி.

சரி, ரிவர்ஸ்ல ஒரு கேள்வி. சாமி கும்பிடுகிற நாம பக்கத்தில் இருக்கிற மனுஷனுக்கு என்ன செய்யணும்? இதுக்கு நம்ம ஊர்லயே ஒருத்தர் ஒரு பதில் செய்து காட்டியிருக்கார். அவர் வேஷத்தை நீங்களும் ஸ்கூல்ல கட்டாயம் போட்டிருப்பீங்க. முண்டாசு, கறுப்புக் கோட்டு, மீசை. அவரேதான்!

பாரதி புதுச்சேரிக்கு வந்தது 1908-ல். கிளம்பினது 1918-ல். நடுவுல பத்து வருஷம். பிரிட்டிஷ் போலீஸ் இங்கே கை வைக்க முடியாது, ஆனா ஒற்றர்கள் வீட்டைச் சுத்திக்கிட்டே இருப்பாங்க. நடத்தின 'இந்தியா' பத்திரிகையும் 1910-ல் நின்னு போச்சு. வருமானம் கிடையாது. அக்கம்பக்கத்து மனுஷங்க தயவு இல்லாம பொழப்பு ஓடாது. அந்த மாதிரி நேரத்துல ஒரு புத்திசாலி என்ன செய்வார்? யாரையும் பகைச்சுக்காம வாயை மூடிக்கிட்டு இருப்பார், இல்லையா?

பாரதி செய்தது வேற. 1913-ல் ரா. கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்கு முறைப்படி பூணூல் போட்டு, காயத்ரி மந்திரமும் சொல்லிக் கொடுத்தார். யாராவது கேட்டால், பாரதிதான் போட்டுவிட்டார் என்று தைரியமாகச் சொல்லு என்று சொல்லி அனுப்பினாராம். இதையெல்லாம் கனகலிங்கமே பிற்பாடு 'என் குருநாதர் பாரதியார்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கார்.

கவனிங்க. இவர் சாமி இல்லைன்னு சொன்னவர் இல்லை. சக்தியைக் கும்பிட்டவர். மேடை ஏறி "எல்லோரும் சமம்"னு பேசிட்டு வீட்டுக்குப் போயிருந்தா யாருக்கும் கஷ்டமில்லை, கைதட்டலும் கிடைச்சிருக்கும். ஆனா பிறப்பால தனக்கு மட்டும்னு வந்த ஒரு உரிமையை, அது கூடாதுன்னு ஊர் சொல்ற ஆளுக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அதனால வரப்போற ஏச்சும் தனக்குத்தான்னு தெரிஞ்சேதான் செய்தார். நம்பிக்கை நிஜமா பொய்யான்னு பார்க்க இதைவிட நல்ல டெஸ்ட் எனக்குத் தெரியலை. அதுக்காக நீங்க எதை இழக்க ரெடி?

இப்போ கடைசி பெஞ்சிலேர்ந்து ஒரு குரல் வரும். "ஒருத்தருக்குப் பூணூல் போட்டா ஜாதி போயிடுமா? பூணூல்தான் உசத்தின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகலையா?"

சூப்பர் கேள்வி. பதிலும் நேராவே சொல்லணும்: போகலை. மறுநாள் காலையில சேரி சேரியாத்தான் இருந்தது. ஒரு ஆளைக் கைதூக்கி மேலே நிறுத்துவது வேற, மேல் கீழ்ங்கிற படிக்கட்டையே உடைப்பது வேற. எவ்வளவு பெரிய மனசு இருந்தாலும் தனி ஒரு மனுஷனோட செயல் அவர் கை எட்டுற தூரம் வரைக்கும்தான் போகும்.

அதைத் தாண்டிப் போகணும்னா? பாரதி குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவிலேர்ந்து பொடிநடையா வெள்ளாழ வீதிக்கு வாங்க. வ. சுப்பையா வீடு அங்கேதான்.

இளைஞர் சுப்பையாவின் ஆரம்ப வேலைகளில் ஒன்று ஹரிஜன சேவை. தீண்டாமைக்கு எதிரா நாடு முழுக்கச் சுத்திக்கிட்டிருந்த காந்தி, 1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கும் வந்தார். காந்திக்கு அந்தப் பயணம் அரசியல் மட்டுமில்லை, தன் மதத்துக்குள்ள இருக்கிற பாவத்தைக் கழுவுற வேலை. சுப்பையா அதோட நிக்கலை. மில் தொழிலாளர்களைச் சங்கமா சேர்த்தார். கம்யூனிஸ்ட் ஆனார். 1936 ஜூலை 30-ம் தேதி போராட்டத்தில் இருந்த தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் செத்தாங்க. அடுத்த வருஷம், 1937-ல், எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு.

பூணூல் ஒருத்தருக்குத்தான் போச்சு. எட்டு மணி நேரம், பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவங்களுக்கும் போச்சு. அதை வாங்கினது ஒரு தலைவர் மட்டும் இல்லை, உயிரைக் கொடுத்த தொழிலாளிகளும்தான். அந்த ஏ.எஃப்.டி. மில்லும் 2020-ல் மூடியாச்சு. ஆனா நீங்க நாளைக்குச் சேரப்போற கம்பெனியில "எட்டு மணி நேரத்துக்கு மேல ஏன் சார்?"னு கேட்கிற உரிமைக்குப் பின்னாடி அந்த ரத்தமும் இருக்கு.

அப்போ பாரதி செய்தது வேஸ்ட்டா? இல்லவே இல்லை. சட்டம் எழுதினா மட்டும் மனசு மாறிடாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில மலம் கலந்திருந்தது. தீண்டாமை குற்றம்னு அரசியல் சட்டம் சொல்லி எழுபது வருஷத்துக்கு மேல ஆன பிறகு! சட்டமும் வேணும், அடுத்த வீட்டுக்காரனைத் தொடுற கையும் வேணும். ஒண்ணை வெச்சு இன்னொண்ணைத் தள்ளிவிட முடியாது.

இதெல்லாம் பெரிய ஆளுங்க கதைன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்பை எடுத்துக்குவோம். ஏழு நாள். ஊர் ஸ்கூல்ல தங்குவோம், சுவத்துக்கு வெள்ளையடிப்போம், மரக்கன்று நடுவோம், குரூப் போட்டோ எடுப்போம். நீங்க ஸ்டூடன்ட் லீடர்னா இந்தத் தடவை மூணு விஷயம் செஞ்சு பாருங்க.

முதல் நாளே ஊரைத் தாண்டி காலனிக்குப் போங்க. "உங்களுக்கு என்ன வேணும்?"னு அவங்களைக் கேட்டுட்டு பிளானைப் போடுங்க. அவங்க கொடுக்கிற டீயை அங்கேயே உட்கார்ந்து குடிங்க. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் முகம் சுளிச்சா, சுளிக்கட்டும். கடைசி நாள் கிளம்புறதுக்கு முன்னாடி, அவங்க சொன்ன ஒரு குறையையாவது மனுவா எழுதி, அவங்க கையெழுத்தோட ஆபீஸ்ல கொடுத்து ரசீது வாங்குங்க. பெயின்ட் ஒரு மழைக்குப் போயிடும். ரசீது நம்பர் இருந்தா, நாம வந்த பிறகும் அவங்க போய்க் கேட்கலாம்.

சாமி கும்பிட்டுட்டுப் போனாலும் சரி, கும்பிடாம போனாலும் சரி. டீ மட்டும் மறக்காம குடிச்சிட்டு வாங்க!