மருமகனுக்கு ஒரு கணினி

கோடை விடுமுறை நெருங்கினால் நம் சங்கத்துக் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் எழுவது வழக்கம். ஒன்று, ஊருக்குச் செல்லும் வண்டியில் இடம் கிடைத்ததா என்பது. மற்றொன்று அண்மைக் காலத்தில் சேர்ந்தது: பிள்ளை விளையாட்டுக் கணினி கேட்கிறான், என்ன செய்வது என்பது. முதல் கேள்விக்கு விடை சொல்வது ரயில்வே எழுத்தராகிய நம் அன்றாடத் தொழில். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் தகுதி நமக்கு எவ்வாறு வந்தது என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு முறை தவறு செய்து, அதற்குரிய விலையைக் கொடுத்த பின்னரே வந்தது. அதை மறையாது எழுதுவதே இத்திங்கள் நாம் எழுதுகோலை எடுத்ததன் நோக்கம்.

2021-ஆம் ஆண்டின் தொடக்கம். பள்ளிகள் மூடிக் கிடந்த காலம். முலுண்டில் வசிக்கும் நம் சிற்றப்பாவின் மகன், தன் மகளின் பாடத்திற்கும் தன் ஓய்வுநேர விளையாட்டிற்கும் சேர்த்து ஒரு கணினி வேண்டுமென்றும், பாகங்களை நாமே தேர்ந்து தரவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டான். அப்போது உலகெங்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு. ஈதீரியம் முதலிய மின்நாணயங்களை ஈட்டுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கிக் குவித்தோர் வேறு இருந்தனர். கார்டின் விலை ஏறிவிட்டமையால் தம்பியின் கையிலிருந்த பணம் போதவில்லை. எங்கேனும் குறைக்க வேண்டியிருந்தது. நாம் எஸ்எம்பிஎஸ்ஸில் குறைத்தோம். “பெட்டிக்குள் கிடக்கப்போகிற பொருள்தானே!” என்று நாமே சொன்னது இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. மிச்சம் பிடித்தது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் ஓரிரவு மின்சாரம் நின்று மீண்டும் வந்தது. ஒரு சத்தம், கருகிய வாடை, அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் தனியே போகவில்லை; மதர்போர்டையும் கார்டையும் உடன் கொண்டு போயிற்று. சிறுமியின் பாடம் மூன்று வாரம் கைப்பேசியின் சிறு திரையில் நடந்தது. தம்பி நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் அடுத்து வந்த பொங்கலுக்கு அவன் நம் வீட்டிற்கு வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

இனி 2025-ஆம் ஆண்டு மே மாதத்திற்கு வருவோம். டோம்பிவிலியில் இருக்கும் நம் தமக்கையின் மகன் பத்தாம் வகுப்பில் நன்கு தேறினான். அத்தான் இஸ்திரிக் கடை நடத்துபவர். சீட்டுப் பணம் அறுபதாயிரம் ரூபாயை நம் கையில் கொடுத்து, “மாப்பிள்ளை, இவன் கேட்பதை நீங்களே பார்த்து வாங்கிக் கொடுங்கள். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது” என்றார். அந்தப் பணம் எத்தனை சட்டைகளின் மடிப்பு என்று எண்ணிப் பார்த்தோம், எண்ணி மாளவில்லை.

வாசல்வரை உடன் வந்த மருமகன் மெல்லச் சொன்னான்: “மாமா, படிப்புக்குத்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.” நாம் அங்கேயே திரும்பி உள்ளே சென்றோம். அவன் எதிரிலேயே அத்தானிடம், “படிப்பிற்கு மட்டும் என்றால் இதில் பாதித் தொகை போதும். மறுபாதி விளையாட்டிற்காகவே. கொடுப்பதும் கொடாததும் உங்கள் விருப்பம்” என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நான் பத்தாவது படித்தபோது எனக்கு ஒரு பந்து வாங்கித் தர ஆளில்லை. இவனுக்கு வாங்குங்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அது ஓடக்கூடாது” என்றார். அன்பர்கள் இதனை முதல் விதியாகக் கொள்க: காசு கொடுப்பவருக்கு அது எதற்காக என்பது தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வாங்கிய பொருளால் வீட்டில் நாள்தோறும் பூசலே விளையும்.

அடுத்து, எந்த விளையாட்டுகளை ஆடப்போகிறான் என்பதை அவன் கையாலேயே எழுதி வாங்கினோம். 2020-இல் வந்த வேலொரண்ட், 2023-இல் வந்த கவுண்டர் ஸ்டிரைக் 2, கணினிக்கு 2015-இல் வந்த ஜிடிஏ 5 என்று மூன்று பெயர்களை எழுதினான். முதலாவது எளிய கணினியிலும் ஓடும். மற்றவற்றைச் செம்மையாக ஆடத் தனிக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். பட்டியல் இன்றிக் கடைக்குச் செல்வது, போகும் ஊர் தெரியாமல் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதற்கு ஒப்பாகும். கடைக்காரர் தமக்கு விற்க வேண்டியதை விற்றுவிடுவார்.

கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி லாமிங்டன் ரோடுக்குச் சென்றோம். அங்குள்ள கடைகளின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டா. நாம் கொண்டிருக்கவேண்டிய வரிசை ஒன்றுதான்: முதலில் கார்டு; அதற்கேற்ற பிராசஸர்; அதற்கேற்ற மதர்போர்டு; அதன்பின் ஏனையவை. விளையாட்டுக் கணினியில் மொத்தத் தொகையின் மூன்றில் ஒரு பங்கு கார்டுக்குப் போவது முறையே. ஆயின் கார்டின் பெயரை மட்டும் கேட்டு ஏமாறலாகாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்னும் ஒரே பெயரில் 8 ஜிபி நினைவகம் உடையதும் உண்டு, 6 ஜிபி உடையதும் உண்டு. பின்னது 2024-இல் வந்தது. நினைவகம் மட்டுமன்றி உள்ளே இருக்கும் கணிப்புக் கூறுகளும் அதில் குறைவு. ஜிடி 730 என்பது 2014-இல் வந்த பழங்கார்டு. திரையில் படம் காட்டப் போதும், இன்றைய விளையாட்டிற்கு உதவாது. “இதுவும் கிராபிக்ஸ் கார்டுதான்” என்று யாரேனும் சொன்னால் அது பொய்யன்று. ஆனால் பயனும் இல்லை. நாம் 8 ஜிபி நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6600 என்னும் கார்டைத் தேர்ந்தோம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு அது ஏற்றது.

பிராசஸரையும் மதர்போர்டையும் பொருத்துவதில் ரயில்வேக்காரருக்கு ஓர் உவமை எளிதில் வரும். மீட்டர்கேஜ் வண்டி அகலப்பாதையில் ஓடாது. அதுபோல ஏஎம்4 பிராசஸர் ஏஎம்5 பலகையில் அமராது. டிடிஆர்4 ராம், டிடிஆர்5 துளையில் நுழையாது. நாம் வாங்கிய ரைசன் 5 5600 என்பது ஆறு கருக்கள் உடைய ஏஎம்4 பிராசஸர். அதே ஏஎம்4 பலகையாயினும் கடையில் நெடுநாள் இருந்ததானால், அதன் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும். இல்லையேல் பிராசஸரைப் பலகை அடையாளம் காணாது போகலாம். கார்டு வாங்கப் பணம் எட்டாதவர், ரைசன் 5 5600ஜி போன்று உள்ளேயே கிராபிக்ஸ் அமைந்த பிராசஸரை முதலில் வாங்கி, கார்டைப் பின்னர்ச் சேர்க்கலாம். வேகம் சற்றுக் குறையும். ஆனால் கடன் படாமல் தொடங்கலாம்.

ராம் வாங்குகையில் 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குக. ஒற்றைத் தடத்தைவிட இரட்டைத் தடத்தில் போக்குவரத்து மிகும் என்பதை இங்கே விளக்க வேண்டுவதில்லை. 2025-இன் இறுதி மாதங்களில் ராமின் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை அறிவு நிலையங்களுக்கே தயாரிப்பாளர்கள் முதலிடம் தந்ததே அதற்குக் காரணம். ஆதலால் கீழே நாம் தரும் கணக்கை மே மாதக் கணக்காகவே அன்பர்கள் கொள்ள வேண்டும். வாங்கும் நாளில் புதிதாக விசாரித்தறிவதே நன்று.

இனி எஸ்எம்பிஎஸ். ரைசன் 5600-இன் குறிப்பு 65 வாட். கார்டின் குறிப்பு 132 வாட். ஏனையவற்றையும் சேர்த்தால் முந்நூறு வாட்டுக்குள் அடங்கும். பாரம் திடீரென ஏறும் வேளையை எண்ணி 550 வாட் எடுத்தோம். வாட் எண்ணைப் பெரிதாக அச்சிட்டுவிடுவது எளிது. உள்ளே காப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. மின்னழுத்தம் மிகுந்தாலும் கம்பிகள் ஒன்றோடொன்று பட்டாலும் தானே நின்றுவிடும் பாதுகாப்புகள் அட்டைப்பெட்டியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 80 பிளஸ் என்னும் முத்திரை, மின்சாரம் வீணாகாத அளவைக் காட்டும். அது மட்டும் காப்புக்குச் சான்றாகாது. உத்தரவாதக் காலத்தையும் கேட்டுக்கொள்க. தயாரித்தவரே ஐந்தாண்டு பொறுப்பேற்கும் பொருளுக்கும், ஓராண்டோடு கைகழுவும் பொருளுக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

இந்த இடத்தில்தான் மருமகனுக்கும் நமக்கும் சிறு பிணக்கு நேர்ந்தது. கண்ணாடிப் பக்கமும் பல வண்ண விளக்குகளும் கொண்ட கேபினெட் ஒன்றின்மேல் அவனுக்கு ஆசை. எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டாயிரம் குறைத்தால் அது கிடைக்கும் என்று கணக்கும் போட்டுவிட்டான். நாம் அவனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று முலுண்டுக் கதையை முழுவதும் சொன்னோம். அவன் தேநீரை ஆறவிட்டுக் கேட்டான். முடிவில், “சித்தப்பா இங்கு வராமல் இருப்பது இதனாலா, மாமா?” என்று வினவினான். நாம் விடை சொல்லவில்லை. அவனே எழுந்து சென்று விளக்கில்லாத கேபினெட்டை எடுத்துவந்தான். காற்று உள்ளே நுழைய முன்புறம் வலை அமைந்தது; இரண்டு விசிறிகள் உடையது; அது போதும்.

கணக்கு வருமாறு: கார்டு ரூ. 21,000, பிராசஸர் 9,000, மதர்போர்டு 6,500, ராம் 3,200, 500 ஜிபி எஸ்எஸ்டி 3,000, எஸ்எம்பிஎஸ் 4,200, கேபினெட் 2,800, மானிட்டர் 8,000, கீபோர்டும் மவுஸும் 1,200. ஆக மொத்தம் ரூ. 58,900. மீதி ஆயிரத்து நூறு ரூபாயை ரசீதுகளோடு அத்தானிடம் சேர்த்தோம். விண்டோஸ் உரிமத்தின் விலை இதில் இல்லை; அதனை மருமகனுக்கு நம் தேர்ச்சிப் பரிசாகக் கொடுத்தோம்.

ரசீது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜிஎஸ்டி ரசீது இல்லாமல் வாங்கினால் பதினெட்டு விழுக்காடு குறையும் என்று ஆசை காட்டுவோர் எங்கும் உளர். பொருள் பழுதானால் உத்தரவாதம் கேட்க அந்த ரசீதே நமக்குச் சான்று. பாகங்களின் வரிசை எண்களும் அதில் எழுதப்பட்டிருத்தல் நன்று. அட்டைப்பெட்டிகளையும் ஓராண்டேனும் பரண்மேல் வைத்திருங்கள், தாய்மார்கள் பொறுத்தருள்க.

அலுவலகங்களில் கழித்த பழைய கணினியை ‘ஐ7’ என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தருவதும் உண்டு. ஐ7 என்னும் பெயர் 2008 முதல் வழங்குவது. எந்தத் தலைமுறை என்று கேட்காமல் அப்பெயருக்குப் பொருளில்லை. 2022-இல் வந்த ஐ3 12100, 2012-இன் ஐ7 3770-ஐ விட வேகமானது. மேலும் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையேனும் வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் வேண்டும். விண்டோஸ் 11-இல் வேலொரண்ட் ஆடவும் அக்கூறு வேண்டும். ஆகவே அந்த மலிவு, பிள்ளை கேட்ட முதல் விளையாட்டிலேயே பல்லிளித்துவிடும்.

பாகங்கள் வந்து சேர்ந்தன. பூட்டுவதற்கு ஆள் வேண்டும். கடையிலேயே பூட்டித் தருவார்கள்தான். ஆனால் மருமகன் நம்மைக் கேளாமலே முலுண்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டான். ஞாயிறு காலை தமக்கை வீட்டுக் கதவைத் தட்டியவன் நம் தம்பி. கையில் திருப்புளி, உடன் அவன் மகள், நன்றாக வளர்ந்திருந்தாள். நாம் என்ன பேசுவது என்று அறியாது நின்றோம். அவன் காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: “அண்ணே, எஸ்எம்பிஎஸ் எது வாங்கியிருக்கிறீர்கள்?”

பெட்டியை எடுத்துக் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்புற எழுத்துகளையெல்லாம் படித்தான். “சரி” என்றான். இரண்டு மணி நேரத்தில் கணினி எழுந்து நின்றது. முதலில் திரையில் ஒன்றும் வரவில்லை, அனைவரும் அஞ்சினோம். மருமகன் மானிட்டர் கம்பியைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தான். இத்தவறு பெரும்பாலோர் செய்வது, அஞ்ச வேண்டா.

இரவு பத்து மணி விதி இதுவரை மீறப்படவில்லை என்று தமக்கை சொல்கிறார். சென்ற பொங்கலன்று நம் வீட்டில் இலைகள் கூடுதலாக விழுந்தன. உறவினருக்குப் பொருள் தேர்ந்து கொடுக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுவே: கண்ணுக்குத் தெரியும் விளக்கில் சுருக்குங்கள், கண்ணுக்குத் தெரியாத காப்பில் சுருக்காதீர்கள்.