சீட்டுக் கடையை மூடியாச்சு. கணக்குப் புத்தகம் எங்கே?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். சந்தையில் மாட்டுத் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வாயைத் திறக்க மாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு மூடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்தே விலை சொல்லிவிடுவார்கள்.

பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது. தெரிந்தால் வியாபாரம் கெட்டது!

செல்போனில் பணம் வைத்துச் சீட்டு ஆடியவர்களுக்கு அப்படி ஒரு துண்டு இல்லை.

ஒளிந்திருந்து எழுதிய கணக்கு

போக்கர் என்று ஒரு சீட்டாட்டம். கையில் நல்ல சீட்டு இருக்கிறதா, இருப்பது போல் நடிக்கிறாரா என்று கண்டுபிடிப்பதுதான் அந்த ஆட்டம். நேரில் ஆடினால் முகத்தைப் பார்ப்பார்கள். இண்டர்நெட்டில் முகம் ஏது?

முகத்துக்குப் பதிலாகக் கணக்கைப் பிடித்தார்கள், சில வெளிநாட்டுக் கில்லாடிகள். அவர்கள் ஆடவில்லை. மற்றவர்கள் ஆடுவதை இரவு பகலாகக் கம்ப்யூட்டர் மூலம் பதிவு செய்தார்கள். யார் எப்போது பணத்தை ஏற்றினார்? யார் எப்போது பயந்து சீட்டைப் போட்டார்? இப்படி லட்சக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்து விலைக்கு விற்றார்கள்.

அதை வாங்கியவனுக்கு எதிராளியின் பலவீனம் முன்கூட்டியே தெரியும். புதிதாக வந்தவருக்கு ஒன்றுமே தெரியாது. இது ஆட்டமா? பொறி!

இதைத் தடுக்க முடியாதா? முடியும். பார்ட்டி போக்கர் என்ற கம்பெனி 2019-ல், ஆடுகிறவர்கள் தங்கள் பட்டப் பெயரை மாற்றிக்கொள்ளச் செய்தது. பழைய கணக்கு யாருடையது என்றே தெரியாமல் போயிற்று. ஆட்ட விவரங்களை எடுத்து வைத்துக்கொள்ளும் வசதியையும் அது நிறுத்தியது.

நம் நாட்டில்

தமிழக அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள். அவற்றுக்குத் தடை செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில். 1 கோடி ரூபாய் வரை அபராதம். உடனே பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின.

கடை மூடியாச்சு. கணக்குப் புத்தகம் என்ன ஆயிற்று?

ஆடியவரின் போன் நம்பர், எந்த நேரத்தில் ஆடினார், தோற்றதும் இன்னும் பணம் கட்டினாரா - இத்தனையும் அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து கள்ளத்தனமாக ஆட்டம் நடத்துகிறவன் கையில் அது சிக்கினால் என்ன ஆகும்? ஆட்டத்தை விட்டுத் திருந்திய ஆளைத் தேடி வந்து, மறுபடியும் தூண்டில் போடுவான்!

தனிமனிதர் விவரங்களைக் காக்க 2023-ல் ஒரு சட்டம் வந்தது. என் விவரத்தை அழித்துவிடு என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. காக்கத் தவறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால், 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்துவிட்டார்கள். ஒரு கணக்கை நகல் எடுக்க 18 நிமிஷம் போதுமே!

வரிக்கும் வழக்குக்கும் கணக்கு வேண்டும் என்பார்கள். நியாயம்தான். கட்டிய பணம், எடுத்த பணம் - அந்த வரவு செலவு இருக்கட்டும். ஒருவர் எந்த இரவில், எப்படித் தடுமாறினார் என்ற குறிப்பு எதற்கு? அதை அழிக்கும்படி அரசாங்கம் இப்போதே உத்தரவு போட வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களும் விழிப்பாக இருக்க வேண்டும். "இலவசப் பணம் தருகிறோம், ஆட வாருங்கள்" என்று செய்தி வந்தால் தொடாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள்.

கடையை மூடியது நல்ல காரியம். கணக்குப் புத்தகத்தையும் கொளுத்தினால்தான் அது முழுமையாகும்!